துதியும் வசையும் இல்லாமல்: தத்துவ வாசிப்புக் குழு நடத்த முழுமையான வழிகாட்டி

ஒரு தத்துவவாதியைக் கூட்டாகப் படிக்கலாம் என்று சிலர் சேர்ந்தால், இரண்டு மூன்று கூட்டத்துக்குள் குழு இரண்டாகப் பிரிந்து நிற்பதை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம், அவர் எழுதியதில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை என்பவர்கள். இன்னொரு பக்கம், அவரைத் தோலுரிக்கவே வந்தவர்கள். புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் இதை இரண்டு வேறு பிரச்சினைகளாக நினைக்கிறார்கள். சண்டைக்கு ‘மரியாதையாகப் பேசவும்’ என்று ஒரு விதி போடுகிறார்கள், துதியை அது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் ‘மரியாதையாகப் பேசவும்’ மட்டும் போதாது, கூட்டத்தின் வேலையையே வேறு மாதிரி வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசையைத்தான் கீழே சொல்கிறேன். நேரில் கூடினாலும் சரி, வீடியோ அழைப்பில் கூடினாலும் சரி, இது பொருந்தும். உதாரணத்துக்கு முழுக்க பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே தெகார்த்தை எடுத்துக்கொள்கிறேன், காரணம் முதல் படியிலேயே தெரியும்.

1. ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பிரதியைத் தேர்ந்தெடுங்கள்

‘நீட்சே படிக்கலாமா, ஸ்பினோசா படிக்கலாமா’ என்று தொடங்கினால் அப்போதே கட்சி பிரிந்துவிடும். எந்தப் புத்தகம், அதில் எந்தப் பகுதி என்று தொடங்குங்கள். முதல் தடவை குழு நடத்துபவர்கள், எதிர்ப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு பிரதியை எடுங்கள். எதிர்ப்பு புத்தகத்திலேயே அச்சாகி இருந்தால் அதை எழுப்புகிறவரைக் குழுவில் யாரும் துரோகியாகப் பார்க்க முடியாது.

தெகார்த்தின் ‘தியானங்கள்’ இதற்கு மிகப் பொருத்தமானது. 1641இல் பாரிஸில் அது வெளிவந்தபோது தியானங்கள் என்று பெயரிட்ட ஆறு அத்தியாயங்களோடு ஆறு தொகுதி ஆட்சேபங்களும், அவற்றுக்குத் தெகார்த் எழுதிய பதில்களும் ஒரே புத்தகமாக வந்தன. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் வந்த இரண்டாம் பதிப்பில் ஏழாவது தொகுதியும் சேர்ந்தது. கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு பலரிடம் ஆட்சேபம் திரட்டியவர் மெர்சென் என்ற பாரிஸ் துறவி. ஆட்சேபங்களையும் பதில்களையும் படித்து முடிக்கும்வரை தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று தெகார்த்தே முன்னுரையில் வாசகரைக் கேட்டுக்கொள்கிறார். இதைவிடச் சாதகமான ஒரு வரி ஒருங்கிணைப்பாளருக்குக் கிடைக்காது. முதல் கூட்டத்திலேயே படித்துக் காட்டுங்கள்.

தெகார்த் வேண்டாம் என்றால் வேறு பிரதிகளும் உண்டு. பிளேட்டோவின் ‘பார்மெனிடிஸ்’ உரையாடலில் இளம் சாக்ரட்டீஸ் வடிவங்களைப் பற்றிய கொள்கையை (நாம் காணும் பொருள்களுக்கு அப்பால் அவற்றின் மாறாத மூல வடிவங்கள் உண்டு என்பதை) சொல்ல, முதிய பார்மெனிடிஸ் அதைத் துருவித் துருவிக் கேட்டுத் திணறடிக்கிறார், அதாவது பிளேட்டோ தன் கொள்கையைத் தானே பரிசோதிக்கிறார். பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரின் ‘விக்ரகவ்யாவர்தனீ’ எழுபது செய்யுள்களில் முதல் இருபதை எதிராளியின் ஆட்சேபங்களுக்கே கொடுத்திருக்கிறது. தமிழில் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம், அதாவது பிற தரப்புகளைப் பற்றிய பகுதி, இருக்கிறது. உலகாயதர், பௌத்தர், ஆசீவகர் என்று ஒவ்வொரு தரப்பும் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அருணந்தி சிவாச்சாரியார் மறுக்கிறார். எதிர்த்தரப்பை அவர் நியாயமாகத்தான் எடுத்துச் சொல்கிறாரா என்பதே ஒரு கூட்டத்துக்குப் போதுமான கேள்வி.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, பொன்மொழித் தொகுப்பில் தொடங்குவது. பொன்மொழியில் வாதம் இருக்காது, முடிவு மட்டும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்று தலையாட்டலாம், இல்லாவிட்டால் முகம் சுளிக்கலாம். ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வடிவில் அது தியானங்களில் இல்லை. 1637இல் வந்த ‘முறை பற்றிய உரை’யிலும் 1644இல் வந்த ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ நூலிலும்தான் இருக்கிறது. இரண்டாம் தியானத்தில் ‘நான் இருக்கிறேன்’ என்பதை நான் சொல்லும்போதோ மனத்தில் நினைக்கும்போதோ அது உண்மையாகவே இருந்தாக வேண்டும் என்றுதான் வருகிறது. இரண்டுக்கும் இடையில் பெரிய விவாதமே இருக்கிறது, பொன்மொழியை மனப்பாடம் செய்து வந்தவருக்கு அந்த விவாதம் தெரியாமலே போய்விடும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆறிலிருந்து பத்துப் பேர். அதற்குக் குறைந்தால் ஒருவர் வராத நாளில் கூட்டம் விழுந்துவிடும், கூடினால் நாலு பேர் பேச மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

இடத்தைக் குறிக்கும் எண். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் சண்டைகளில் பாதியை இது தடுக்கும். தெகார்த்தின் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ஓரத்தில் ஆடம்-டானரி பதிப்பின் (அவருடைய எழுத்துகளின் மூலமொழித் தொகுப்பு) பக்க எண் அச்சாகியிருக்கும், தியானங்கள் அதில் ஏழாம் தொகுதி. பிளேட்டோவுக்கு ஸ்டெஃபானஸ் எண், அரிஸ்டாட்டிலுக்கு பெக்கர் எண். யார் எந்த மொழிபெயர்ப்பை வைத்திருந்தாலும் ஓர எண்ணைச் சொன்னால் எல்லோரும் ஒரே வரிக்கு வந்துவிடலாம். எண் இல்லாமல் ‘அவர் எங்கேயோ சொல்லியிருக்கிறார்’ என்று வரும் எதையும் விவாதத்தில் சேர்க்க வேண்டாம். துதிப்பவரும் திட்டுபவரும் சாய்ந்துகொள்வது அந்த ‘எங்கேயோ’வின் மேல்தான்.

ஆட்சேபங்களும் பதில்களும் சேர்ந்த பதிப்பு. கடையில் மலிவாகக் கிடைக்கும் பல பதிப்புகளில் தியானங்கள் மட்டும்தான் இருக்கும். காட்டிங்ஹாமும் மற்றவர்களும் செய்து கேம்பிரிட்ஜ் 1984இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதியில் இரண்டும் இருக்கின்றன. ஹால்டேன், ராஸ் இருவரும் 1911இல் செய்த மொழிபெயர்ப்பு பழையது, நடை கொஞ்சம் முரடு, ஆனாலும் உதவும்.

ஒருங்கிணைப்பாளர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். ஒருங்கிணைப்பாளராக அந்தத் தத்துவவாதியின் மிகப் பெரிய ரசிகரைப் போடாதீர்கள். எல்லாக் குழுவிலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் குழுவைத் தொடங்கும் ஆர்வம் அவரிடம்தான் இருக்கும். அவருக்குப் பாடத்திட்டம் போடும் பொறுப்பைக் கொடுங்கள். பேச்சை யாருக்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது வேறொருவர் கையில் இருக்கட்டும்.

3. விதிகளை முதல் பத்தி படிப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள்

சண்டை வந்த பிறகு விதி போட்டால், அது எவ்வளவு நியாயமான விதியாக இருந்தாலும் யாரோ ஒருவருக்கு எதிராகப் போட்டதாகத்தான் தெரியும். இன்னும் யாரும் எதுவும் பேசாத நேரத்தில் போட்டுவிட்டால் யார் மேலும் பழி இல்லை. நாலைந்து விதிகள் போதும், பத்து விதி போட்டால் ஒன்றும் நினைவிருக்காது.

எதையும் மறுப்பதற்கு முன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுப்பு. இதுதான் முதல் விதி, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அடுத்தது, பேசப்படுவது பக்கத்தில் இருக்கும் வரி. ‘உங்களை மாதிரி ஆட்களுக்கு’, ‘இந்தக் கூட்டத்துக்கே’ என்று தொடங்கும் வாக்கியத்தை ஒருங்கிணைப்பாளர் அந்த இடத்திலேயே நிறுத்தலாம், விளக்கம் கேட்கத் தேவையில்லை.

மூன்றாவது நம் ஊருக்கென்றே தேவைப்படுவது. குழுவில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருப்பார். எல்லோரும் அவரை ‘ஐயா’ என்பார்கள், அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ‘ஐயா’ என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்வது நடக்காத காரியம், தேவையுமில்லை. வயதிலும் படிப்பிலும் மூத்தவர் கடைசியில் பேசுவது என்று வரிசையை மாற்றிவிடுங்கள். இளையவர்கள் தயக்கமில்லாமல் பேசிவிடுவார்கள், மூத்தவருக்கும் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கும். பெரும்பாலான மூத்தவர்கள் இதை மனமுவந்து ஏற்றுக்கொள்கிறார்கள், கேட்பதற்குத்தான் யாருக்கும் தைரியம் வருவதில்லை.

அப்புறம், தத்துவவாதியை எப்படிக் குறிப்பிடுவது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கோபம் ஏறும்போது ‘அவர்’ என்பது ‘அவன்’ ஆகும், பக்தி ஏறும்போது ‘பேராசான்’, ‘மகான்’ ஆகும். வெறும் பெயரும் ‘சொல்கிறார்’ என்ற வினையும் போதும். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே கூட்டத்தின் சூடு கணிசமாகக் குறைகிறது.

4. ஒவ்வொரு கூட்டத்திலும் வேலையின் வரிசை

முதலில் ஒருவர் ஒரு பத்தியை உரக்கப் படிக்கிறார். வீட்டில் படித்துவிட்டுத்தானே வந்தோம் என்று பலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டில் படித்தது ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு விதமாகத் தங்கியிருக்கும், உரக்கப் படித்தால்தான் எல்லோருக்கும் முன்னால் ஒரே வரிகள் இருக்கும்.

இரண்டாவதாக, வேறொருவர் அதைப் புத்தகத்தின் சொற்களை விட்டுவிட்டுத் தன் பேச்சில் சொல்கிறார். இரண்டாம் தியானத்தில் மெழுகு வரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். தேன்கூட்டிலிருந்து எடுத்த மெழுகை நெருப்பருகே கொண்டு போனால் மணம், நிறம், வடிவம், கடினம் எல்லாம் மாறிவிடுகின்றன, ஆனாலும் அதே மெழுகு என்கிறோம். எதை வைத்து அப்படிச் சொல்கிறோம்? புலன்களை வைத்து இருக்க முடியாது, மனம்தான் அதை அறிகிறது என்று தெகார்த் சொல்கிறார். இவ்வளவு சொன்னால் போதும். ‘அற்புதம்’, ‘அபத்தம்’ இரண்டும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். மதிப்பீடு முதலில் வந்துவிட்டால் அதன் பிறகு படிப்பதெல்லாம் அந்த மதிப்பீட்டுக்கு ஆதாரம் தேடுவதாகிவிடும்.

மூன்றாவதாக, இந்தப் பத்தி எதைச் சார்ந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட எந்தக் கருத்தை நீக்கினால் வாதம் விழும்? நான்காவதாகத்தான் ஆட்சேபம்.

அவசரப்படாதீர்கள். வாசகர்கள் இந்த விஷயங்களுக்கு மாதக்கணக்கில், குறைந்தது வாரக்கணக்கிலாவது நேரம் கொடுக்க வேண்டும் என்று தெகார்த்தே இரண்டாம் தொகுதி ஆட்சேபங்களுக்கான பதில்களில் எழுதுகிறார். ஒரு தியானத்துக்கு இரண்டு கூட்டம் என்று வைத்தால் சரியாக இருக்கும். வேகமாக ஓடும் குழுக்களில்தான் துதி அதிகமாகிறது, புரியாமல் கடந்து வந்த இடங்களை மரியாதையால் நிரப்பிக்கொள்கிறோம்.

5. ரசிகரிடம் ஆட்சேபத்தைக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஆட்சேபக்காரர்களின் பங்கைக் குழுவினருக்குப் பிரித்துக் கொடுங்கள், தெகார்த்தை அதிகம் நேசிப்பவருக்கு மிகக் கடுமையான ஆட்சேபத்தைக் கொடுங்கள். தெகார்த்தைப் பிடிக்காதவரிடம் பதில்களைக் கொடுங்கள். இதில் யாருக்கும் தண்டனை இல்லை. ஒரு ஆட்சேபத்தை வலுவாக முன்வைக்க வேண்டுமென்றால் அதை உள்ளிருந்து புரிந்துகொண்டாக வேண்டும், வெளியிலிருந்து பார்த்துத் தள்ளிவிட முடியாது. ரசிகர் தானாகவே தத்துவவாதியின் பலவீனமான இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார். எதிர்ப்பாளர் அந்த வாதம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறார்.

எந்த ஆட்சேபத்தை எப்போது எடுப்பது? இரண்டாம் தியானம் முடிந்ததும் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ். சிந்திக்கிறேன் என்பதிலிருந்து நான் இருக்கிறேன் என்பது வரும், அது சரி. ஆனால் சிந்திக்கும் நான் ஒரு மனம் என்று எப்படி வரும்? நான் நடக்கிறேன், ஆகவே நான் ஒரு நடை என்று சொல்வது மாதிரி இருக்கிறதே என்கிறார் அவர். புதியவர்களுக்கு உடனே பிடிபடும் ஆட்சேபம் இது, அதனால் முதலில் இதை வையுங்கள். தெகார்த்தின் பதிலையும் கூடவே படியுங்கள்: நடை என்றால் செயல் மட்டும்தான், சிந்தனை என்ற சொல்லோ செயலையும் குறிக்கும், அந்தத் திறனையும் குறிக்கும், அந்தத் திறன் உள்ள பொருளையும் குறிக்கும் என்கிறார். இது போதுமான பதிலா என்பதில் ஒரு கூட்டமே போய்விடும், போகட்டும்.

ஐந்தாம் தியானத்துக்குப் பிறகு அர்னோ. முப்பது வயதுகூட ஆகாத இறையியலாளர் அப்போது. தெளிவாகவும் துலக்கமாகவும் உணர்வதெல்லாம் உண்மை என்பதற்குக் கடவுள் இருக்கிறார் என்பதுதான் உத்தரவாதம், கடவுள் இருக்கிறார் என்பதற்கோ அதைத் தெளிவாகவும் துலக்கமாகவும் உணர்கிறோம் என்பதுதான் ஆதாரம், அப்படியானால் வட்டமடிக்கிறோமே என்று கேட்டார். இன்றுவரை இதைத் தத்துவ வகுப்புகளில் விவாதிக்கிறார்கள்.

ஆறாம் தியானத்துக்கு அர்னோவின் முக்கோணம். நான் உடலை விட்டுவிட்டு என்னைத் தெளிவாக எண்ணிப் பார்க்க முடிகிறது, ஆகவே நான் உடலிலிருந்து வேறானவன் என்பது தெகார்த்தின் வாதம். அர்னோ பள்ளிக் கணக்கை எடுக்கிறார். அரைவட்டத்துக்குள் வரைந்த முக்கோணம் செங்கோண முக்கோணம் என்று ஒருவர் தெளிவாக அறிந்திருக்கலாம், ஆனால் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதை மறுக்கக்கூடச் செய்யலாம். அவர் அந்தப் பண்பை விட்டுவிட்டு முக்கோணத்தை எண்ணுகிறார் என்பதால் அந்தப் பண்பு முக்கோணத்துக்கு இல்லாமல் போய்விடுமா? ஒரு தாளில் அரைவட்டம் வரைந்து காட்டுங்கள். பேசாமலே இருந்தவர்கள்கூட இந்த இடத்தில் பேசத் தொடங்குகிறார்கள்.

அர்னோவின் ஆட்சேபங்களைத்தான் தெகார்த் எல்லாவற்றிலும் சிறந்ததாகக் கருதினார், அவற்றைப் படித்த பிறகு மூலத்தில் சில இடங்களைத் திருத்தவும் செய்தார். குழுவில் யாராவது ‘இவ்வளவு பெரிய மேதையை நாம் கேள்வி கேட்கலாமா’ என்றால் இதைச் சொல்லுங்கள். அந்த மேதை அப்படி நினைக்கவில்லை.

கடைசியாக எலிசபெத். பொஹீமியாவின் இளவரசி, குடும்பம் நாட்டை இழந்து ஹேக் நகரில் அடைக்கலமாக இருந்தது. 1643 மே மாதம் 24 வயதில் தெகார்த்துக்கு முதல் கடிதம் எழுதுகிறார்: ஆன்மா வெறும் சிந்திக்கும் பொருள்தான் என்றால் அது உடலை எப்படி அசைக்கும்? தெகார்த் பாரம் என்ற கருத்தை உதாரணமாக வைத்து விளக்குகிறார். எலிசபெத்துக்கு அது போதவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் எழுதுகிறார், உடலில்லாத ஒன்று உடலை அசைக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட ஆன்மாவுக்கே விரிவும் பருமையும் உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிது என்கிறார். துளி அவமரியாதை இல்லை, துளி விட்டுக்கொடுப்பும் இல்லை. 1644இல் தெகார்த் தன் அடுத்த நூலை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார், கடிதங்கள் 1650இல் தெகார்த் இறக்கும்வரை தொடர்ந்தன. எப்படி மறுக்க வேண்டும் என்று குழுவுக்கு மாதிரி தேவைப்பட்டால் இந்தக் கடிதங்களை உரக்கப் படியுங்கள், வேறு வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

6. வாழ்க்கைக் கதையைத் தள்ளி வையுங்கள், ஆனால் ஒளிக்காதீர்கள்

பெரும்பாலான குழுக்கள் முதல் கூட்டத்தை வாழ்க்கை வரலாற்றில் தொடங்குகின்றன. அதை வாதங்களைப் படித்த பிறகுக்குத் தள்ளுங்கள். ஆளை முதலில் அறிமுகப்படுத்தினால் வாதத்தை அந்த ஆளின் முகத்தோடுதான் படிப்போம்.

தள்ளி வைப்பது வேறு, மறைப்பது வேறு. தெகார்த்தைப் பற்றிப் பேசும்போது விலங்குகள் விஷயம் கட்டாயம் வரும். உயிரோடு நாய்களை ஆணியடித்து அறுத்தார் என்று ஒருவர் சொல்வார், அதெல்லாம் கட்டுக்கதை என்று ரசிகர் பாய்வார். இரண்டு பேரையும் நிறுத்திவிட்டு ஆதாரத்துக்குப் போங்கள். நாய்களை ஆணியடித்த கதை தெகார்த் இறந்த பிறகு, போர்-ரோயால் என்ற பிரெஞ்சு மடத்தைச் சேர்ந்தவர்களைப் பற்றி ஒருவர் எழுதிய நினைவுக்குறிப்பில் வருவது, தெகார்த்தைப் பற்றியது அல்ல. அதே நேரம், உயிருள்ள முயலை அறுத்து இதயத்தைப் பார்த்ததை 1638இல் அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். விலங்குகள் இயந்திரம் போன்றவை என்று எழுதியவரும் அவர்தான், 1649இல் ஹென்றி மோர் என்ற ஆங்கிலத் தத்துவவாதிக்கு எழுதிய கடிதத்தில் உடலுறுப்பைச் சார்ந்த அளவுக்கு விலங்குகளுக்கு உணர்ச்சி உண்டு என்பதை மறுக்கவில்லை என்று சொன்னவரும் அவர்தான். இத்தனையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் தங்கள் வாக்கியத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

வாழ்க்கையைப் பேசாமல் நகரவே முடியாத தத்துவவாதிகளும் உண்டு. ஹைடெகர் 1933இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் ரெக்டர் (தலைவர்) ஆனார், அந்த மே மாதமே நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 2014 முதல் வெளியான அவருடைய கருப்பு நோட்டுப் புத்தகங்களில் யூத வெறுப்பு அவருடைய தத்துவப் பேச்சுக்குள்ளேயே கலந்து வருகிறது. இங்கே ‘வாழ்க்கை வேறு, தத்துவம் வேறு’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதற்கென்று தனியாக ஒரு கூட்டம் வையுங்கள், தேதியை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். அறிவித்துவிட்டால் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த விஷயம் குறுக்கே வராது, மறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் எழாது. அரிஸ்டாட்டிலின் அடிமை பற்றிய கருத்து இதிலிருந்து வேறு. அது ‘அரசியல்’ முதல் புத்தகத்திலேயே வாதமாக இருக்கிறது, அதனால் மற்ற வாதங்களைப் போலவே திருப்பிச் சொல்லி, சார்ந்து நிற்பதைக் கண்டுபிடித்து, மறுக்க வேண்டியதை மறுக்க வேண்டும்.

7. துதி தலைதூக்கும் அடையாளங்கள்

சில வாக்கியங்கள் வந்தால் ஒருங்கிணைப்பாளர் கவனிக்க வேண்டும். ‘அவர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்.’ ‘மூல மொழியில் படித்தால்தான் புரியும்.’ ‘நீங்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.’ இவற்றில் ஒவ்வொன்றும் சில நேரம் நியாயமானதுதான், அதனால்தான் கையாளக் கஷ்டம். மூல மொழியைக் காட்டுபவரிடம் அந்த லத்தீன் வரியையும், அது இங்கே எதை மாற்றுகிறது என்பதையும் கேளுங்கள். சொல்ல முடிந்தால் எல்லோருக்கும் லாபம். முடியாவிட்டால் அது ஆட்சேபத்தை வாயடைக்க மட்டும் வந்தது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

ரசிகரைக் கேலி செய்யாதீர்கள். ஒரு சிந்தனையால் நெஞ்சு படபடக்கும் அனுபவம் உண்மையானது. மால்ப்ரான்ஷ் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி 1664இல் தெகார்த்தின் ‘மனிதன்’ நூலைப் படித்தபோது இதயம் படபடத்து, அவ்வப்போது படிப்பை நிறுத்த வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். அதே மால்ப்ரான்ஷ்தான் பிறகு நமக்கு ஆன்மாவைப் பற்றித் தெளிவான கருத்தே இல்லை என்று தெகார்த்துக்கு எதிராக எழுதினார். ஆர்வத்தை அடக்க வேண்டாம், அதற்கு வேலை கொடுங்கள், ஐந்தாம் படி அதற்குத்தான்.

வேலை இல்லாத பக்தி எங்கே போகும் என்பதற்கும் தெகார்த்தே உதாரணம். 1666இல் ஸ்டாக்ஹோமில் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து பிரான்சுக்கு அனுப்பியபோது, பிரெஞ்சுத் தூதர் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் எலும்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். எழுதிய விரலாம். அந்த விரல் எழுதிய வாதங்களில் ஒன்றுகூட அதனால் பலப்படவில்லை.

8. வசை வந்துவிட்டால்

புத்தகத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆட்சேபக்காரர்களில் ஒருவரான கசெந்தி தன் ஆட்சேபத்தில் தெகார்த்தை ‘ஓ மனமே’ என்று குத்தலாக விளித்தார். தெகார்த் திருப்பி ‘ஓ சதையே’ என்றார். கசெந்தியின் ஆட்சேபங்களில் நல்ல விஷயம் ஏராளமாக இருந்தும் பதில்கள் பல இடங்களில் எரிச்சலாகவே நிற்கின்றன, கசெந்தி பிறகு 1644இல் ஒரு பெரிய மறுப்பு நூலே எழுதினார். இந்தப் பரிமாற்றத்தையும் அர்னோ பரிமாற்றத்தையும் அடுத்தடுத்துப் படிக்க வையுங்கள். மரியாதை குறையும்போது வாதத்துக்கு என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

நிஜமாகவே குழுவில் வார்த்தை தடித்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் பேச்சை நிறுத்துங்கள், யார் சரி என்று அந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடைசியாகப் படித்த பத்தியை மறுபடி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இது கண்ணைக் கட்டும் தந்திரம் மாதிரி தெரியலாம், ஆனால் கவனம் ஆளிலிருந்து வரிக்குத் திரும்பப் பெரும்பாலும் இதுவே போதும். போதாவிட்டால் அந்தக் கூட்டத்தை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அதன் பிறகு சம்பந்தப்பட்டவரோடு தனியாக, போனில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், எல்லோர் முன்னாலும் கண்டிக்கவும் செய்யாதீர்கள். எல்லோர் முன்னாலும் கண்டித்தால் அவர் தன் கருத்தை விட்டுவிட்டுத் தன் மானத்தைக் காப்பாற்றத் தொடங்குவார், அப்புறம் திரும்பி வர வழியே இருக்காது. என்ன சொன்னார், அது ஏன் விதிக்கு எதிரானது என்று மட்டும் சொல்லுங்கள், அவருடைய குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். மீண்டும் நடந்தால் சில கூட்டங்கள் இடைவெளி, அதன் பிறகும் நடந்தால் விலகல். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

கூட்டங்களுக்கு இடையில் வாட்ஸ்அப் குழுவை நேரம், இடம், பக்க எண் அறிவிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான முறிவுகள் கூட்டத்தில் நடப்பதில்லை, ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பிய ஒரு நீளமான செய்தியில்தான் நடக்கின்றன. எழுத்தில் குரல் கேட்காது, திருப்பிச் சொல்லும் விதியையும் அங்கே நடத்த முடியாது.

ஒரு எச்சரிக்கை. மரியாதை என்ற பெயரில் கடினமான கேள்வியை அடக்கிவிடாதீர்கள். ‘இந்த வாதம் தவறு, ஏனென்றால்’ என்று உறுதியாகச் சொல்வது வசை ஆகாது. யாருடைய மனமும் நோகக் கூடாது என்று எல்லோரும் மென்மையாகத் தலையாட்டும் குழுவில் ஒருவரும் எதையும் படிக்கவில்லை என்றே அர்த்தம்.

9. முடிக்கும் கூட்டம்

கடைசிக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுதி வர வேண்டும். இந்தப் புத்தகத்தில் இனி என் சிந்தனையில் தங்கப் போகும் ஒரு வாதம், என்னால் ஏற்க முடியாத ஒரு வாதம், ஒவ்வொன்றுக்கும் ஓர எண்ணும் காரணமும். ரசிகருக்கு இரண்டாவது கஷ்டமாக இருக்கும், எதிர்ப்பாளருக்கு முதலாவது. இரண்டில் ஒன்றைக் காலியாக விட்டு வந்தால் அதைப் பற்றிக் குழுவில் பேசுங்கள், விட்டுவிடாதீர்கள்.

குறிப்பெடுப்பவர் தீராத கேள்விகளின் பட்டியலை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். யார் ஜெயித்தார் என்று குறிப்பில் எழுதக் கூடாது, எந்தக் கேள்வி எந்தப் பக்க எண்ணில் நின்றுபோனது என்று மட்டும் எழுத வேண்டும். அடுத்த புத்தகத்தை அந்தப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள். மனம் உடலை எப்படி அசைக்கிறது என்பதில் நின்றிருந்தால் எலிசபெத் கடிதங்கள் முழுவதும் அல்லது ஸ்பினோசாவின் ‘எதிக்ஸ்’ இரண்டாம் பாகம். கடவுள் நிரூபணத்தில் நின்றிருந்தால் லைப்னிட்ஸ். ஒருங்கிணைப்பாளரையும் இந்த இடத்தில் மாற்றிவிடுங்கள், நன்றாக நடத்தியவராக இருந்தாலும் சரி.